ஏழு புள்ளி ஒன்று

சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் ஸ்திரீட் 31. பலதுறை மருந்தகம். காலை எட்டரை மணி.

பதிவு இயந்திரத்தின் முன் ஒரு தாத்தா நிற்கிறார். பேத்தியின் பிறப்புச் சான்றிதழ் எண்ணை ஒற்றை விரலால் தட்டுகிறார். கடைசி எழுத்தில் தப்பு. மறுபடி முதலிலிருந்து. பின்னால் வரிசை நீள்கிறது. ஆளுக்கொரு போனைக் குனிந்து பார்க்கிறார்கள். யாரும் உதவவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

சீட்டு வருகிறது. தாத்தா அதைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தடவை தட்டிக்கொள்கிறார்.

குழந்தைகள் பகுதியில் தள்ளுவண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. பாதி காலி. குழந்தைகள் எல்லாம் மடியில். வண்டிகளில் பைகள் படுத்திருக்கின்றன. ஒரு வண்டியில் சந்தைப் பை. வாயில் முருங்கைக்கீரைக் கட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லார் கையிலும் ஒரே புத்தகம். பிறந்த மருத்துவமனையிலேயே கொடுத்துவிடும் சுகாதாரப் புத்தகம். தலைப்பிள்ளைக்காரர்களின் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. மூன்று பிள்ளை பெற்ற மலாய்க்காரப் பெண்மணியின் புத்தகத்தில் அட்டையின் ஒரு மூலை காணோம். நடுவில் காப்பிக் கோப்பை வைத்த வட்டம்.

ஓரத்து நாற்காலிகளில் ஒரு தமிழ்க் குடும்பம். ஆறு மாத ஆண் குழந்தை, தாய், தகப்பன், தகப்பனைப் பெற்ற பாட்டி.

தகப்பன் கழுத்தில் வேஃபர் தொழிற்சாலையின் அடையாள அட்டை. இரவு வேலை முடித்து நேரே வந்திருக்கிறார். கண் மூடுகிறது, தலை சாய்கிறது, திரையில் எண் மாறும் ஒலி கேட்கிறது, தலை நிமிர்கிறது. அவர்கள் எண் இல்லை. தலை மறுபடி சாய்கிறது.

குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. உள்ளங்காலில் இன்னொன்று. மணிக்கட்டில் தேக்காவில் வாங்கிய வசம்பு வளையல். இடுப்பில் அரைஞாண் கயிறு. கயிற்றை இரண்டு தடவை தளர்த்தியிருக்கிறார்கள். பழைய முடிச்சுகள் இருந்த இடம் நெளிந்து கிடக்கிறது. பாட்டியின் கட்டைவிரல் சட்டைக்கு அடியில் போய் அந்த நெளிவைத் தேடுகிறது. கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்க்கிறது. நுழைகிறது, இறுக்கமாக.

"அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் விடணும்" என்கிறார் பாட்டி, யாரிடமும் இல்லாமல்.

தாய் போனில் ஒரு செயலியைத் திறக்கிறாள். பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், நனைத்த நேரம். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிறம். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் நான்கு நீலக் கோடுகள். தகப்பன் வேலையில் இருந்த நேரம் அது.

எதிர் நாற்காலியில் ஒரு சீனக் குழந்தை. அதுவும் ஆறு மாதம்தான். தொடையில் மடிப்பு மேல் மடிப்பு. தாய் அந்தத் தொடையைப் பார்க்கிறாள். தன் பிள்ளையின் தொடையைப் பார்க்கிறாள். காலுறையை இழுத்து மேலே ஏற்றுகிறாள். அந்தச் சீனத் தாய் பார்த்துக்கொண்டிருப்பது இந்தக் குழந்தையின் தலையை. அவள் பிள்ளைக்கு மண்டையில் ஒரு முடி இல்லை.

எண் வருகிறது. மூவரும் ஒன்றாக எழுகிறார்கள்.

அறையில் தாதி. தலையில் முக்காடு, சட்டைப் பையில் கரடி படம் போட்ட பேனா. பாட்டி அவரை "மிஸ்ஸி" என்கிறார். தாதி தாயை "மம்மி" என்கிறார். யாருக்கும் யார் பெயரும் தேவைப்படவில்லை.

"எல்லாம் கழட்டணும் மம்மி. பாம்பர்ஸும்" என்கிறார் ஆங்கிலத்தில்.

சட்டை போகிறது. காலுறை போகிறது. வசம்பு வளையலைத் தாதி விரலால் சுட்டுகிறார். வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். பாட்டி கழற்றிக் கைப்பையின் உள்ளறையில் வைக்கிறார். ஜிப்பை மூடுகிறார். தாதியின் விரல் அரைஞாணுக்கு வருகிறது, அங்கே ஒரு நொடி நிற்கிறது, திரும்பிப் போகிறது. கயிறு இருக்கட்டும். எடைக் கருவி அதைப் பொருட்படுத்தாது.

தட்டில் காகித விரிப்பு. குழந்தையைக் கிடத்துகிறார்கள். குளிர் பட்டதும் கைகள் இரண்டும் விரிகின்றன. எண்கள் ஓடுகின்றன. ஆறு எழுபது. ஏழு நாற்பது. கால் உதைக்கிறது, ஏழு எண்பது. தாதி காத்திருக்கிறார். தாய் மூச்சை அடக்குகிறாள், தட்டில் படுத்திருப்பது அவளே என்பதைப் போல.

எண் நிற்கிறது.

"செவன் பாயின்ட் ஒன்!" தாதியின் குரல் கதவு தாண்டிக் கேட்கிறது.

பாட்டி திடுக்கிட்டு வாசலைப் பார்க்கிறார். கதவு ஒருக்களித்திருக்கிறது. வெளியே பத்துப் பேர்.

"சத்தமா சொல்லாதீங்க மிஸ்ஸி."

தாதிக்குத் தமிழ் தெரியாது. புன்னகை செய்கிறார். இன்னொரு முறை, இன்னும் தெளிவாக, "செவன் பாயின்ட் ஒன்" என்கிறார். பாட்டி இரண்டு கைகளாலும் குழந்தையின் முகத்தை வழித்து, விரல்களைத் தன் நெற்றிப் பொட்டில் நெரிக்கிறார். சடசடவென்று நெட்டி முறிகிறது.

1927இல் ஐடா சிம்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் தாதி இந்தத் தீவின் கம்பத்துக் கிராமங்களில் வீடு வீடாகக் குழந்தைகளைத் தேடிப் போனார். அன்று பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அவர் வேலையிலிருந்து விடைபெற்ற 1948இல் அந்த எண் 57. இப்போது இரண்டை ஒட்டி நிற்கிறது. இப்போது யாரும் தேடிப் போவதில்லை. போனில் குறுஞ்செய்தி வருகிறது, குழந்தை வந்துவிடுகிறது.

நீளம் அளக்கும் பலகை. தலையைத் தகப்பன் பிடிக்கிறார். முழங்காலைத் தாதி அழுத்துகிறார். கால் நீண்ட ஒரு கணத்தில் கட்டை வந்து பாதத்தைத் தொடுகிறது. அறுபத்தாறு. தலையைச் சுற்றி நாடா. ஒரு தடவை, இரண்டு தடவை. நாற்பத்து மூன்று.

தாதி புத்தகத்தைத் திறக்கிறார். ஏழு வளைகோடுகள். 3, 10, 25, 50, 75, 90, 97. கரடிப் பேனா ஒரு புள்ளி வைக்கிறது. நடுக்கோட்டுக்குக் கீழே, 25ஐ ஒட்டி.

தாய் குனிந்து பார்க்கிறாள். போனை எடுக்கிறாள். செயலியில் எடையை இடுகிறாள். அது 15 என்கிறது. செயலியின் கோடுகள் உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. டெல்லி, ஆஸ்லோ, அக்ரா, மஸ்கட், பிரேசிலில் ஓர் ஊர், அமெரிக்காவில் ஓர் ஊர் என்று ஆறு இடத்துத் தாய்ப்பால் குழந்தைகளை அளந்து வரைந்தவை. புத்தகத்தின் கோடுகள் உள்ளூர்க் குழந்தைகளுடையவை. ஒரே குழந்தை, ஒரே காலை, இரண்டு எண்.

"இருபத்தஞ்சா?" தகப்பனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சுதானே?"

தாய் சிரிக்கவில்லை.

தாதி சிரிக்காத முகத்தைக் கவனிக்கிறார். இதே முகத்தை இந்தக் காலையில் ஏற்கெனவே பார்த்திருப்பார் போல. பேனாவைத் திருப்பிப் பிடித்து, பழைய புள்ளிகளைத் தொடுகிறார். பிறந்தபோது. இரண்டு மாதம். நான்கு மாதம். இன்று. எல்லாம் அதே கோட்டின் பக்கத்தில். நூறு குழந்தைகளை எடை ஏறும் வரிசையில் நிறுத்தினால் இருபத்தைந்தாவதாக இவன் நிற்கிறான், அவ்வளவுதான். ஒரு கோட்டில் போய்க்கொண்டிருந்தவன் இரண்டு கோடு சறுக்கினால் டாக்டர் பார்ப்பார். இவன் சறுக்கவில்லை.

தாய் தலையாட்டுகிறாள். போனில் 15 இன்னும் ஒளிர்கிறது.

பாட்டி வளைகோட்டைப் பார்க்கவில்லை. அரைஞாண் முடிச்சைச் சரி செய்கிறார்.

அடுத்தது மேசை. சிவப்பு நூல் உருண்டை ஒன்று கண்ணெதிரே நகர்கிறது. கண்கள் பின்னால் போகின்றன. முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஒலி. தலை திரும்புகிறது. கையில் ஒரு மரக்கட்டை. மறு கைக்கு மாற்றுகிறான். அதை நக்குகிறான். நக்குவதற்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

பிறகு ஓர் உலர்ந்த திராட்சை.

தாதி அதை மேசையின் நடுவில் வைக்கிறார். வெள்ளை மேசையில் ஒற்றைக் கறுப்புப் புள்ளி. அமெரிக்காவின் டென்வர் நகரில் உருவாகி 1967இல் வெளியான சோதனை இது. சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு ஏற்றபடி அதன் வயதுக் கணக்குகளை 1990களில் திருத்தினார்கள். திராட்சையை மாற்றவில்லை.

குழந்தை பார்க்கிறான். மேசையைத் தட்டுகிறான். திராட்சை குதிக்கிறது. மறுபடி பார்க்கிறான். ஐந்து விரலும் விரிகின்றன. உள்ளங்கை கவிழ்கிறது. மேசை மேல் வழித்துக்கொண்டு வருகிறது. திராட்சை சுண்டுவிரலுக்கு வெளியே நழுவுகிறது. தகப்பன் தன்னை அறியாமல் முன்னால் சாய்கிறார். மறுபடி ஒரு வழிப்பு. இந்தத் தடவை கை மூடுகிறது.

மூடிய கை வாய்க்குப் போகிறது. தாதியின் கை அதைவிட வேகம். திராட்சை குப்பைத் தொட்டியில் விழுகிறது. கட்டத்தில் ஒரு டிக். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து எடுப்பதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்கு வேறு கட்டம்.

"கஞ்சி ஆரம்பிச்சாச்சா?"

தாய் பாட்டியைப் பார்க்கிறாள். பாட்டி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். வெள்ளிக்கிழமை. மார்சிலிங் ரைஸ் சிவகிருஷ்ணா கோயிலில் சோறூட்டல். அதற்குப் பிறகுதான். தாதி தலையசைத்து எழுதிக்கொள்கிறார். இரும்புச்சத்து உள்ள உணவு வேண்டும், உப்பும் சீனியும் வேண்டாம் என்கிறார். உப்பில்லாமல் எப்படி என்று பாட்டியின் புருவம் கேட்கிறது. வாய் கேட்கவில்லை.

ஊசி அறை. பாட்டி வாசலிலேயே நின்றுவிடுகிறார். நாலு பிள்ளை பெற்றவர். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்.

இன்றைக்கு இரண்டு. ஆறு நோய்களுக்குச் சேர்த்து ஒன்று, நிமோகாக்கஸ் கிருமிக்கு ஒன்று. தொடைக்கு ஒன்று. தாய் மடியில் பிள்ளையைக் கிடத்தி இரண்டு கையையும் பிடிக்கிறாள். தகப்பன் சுவரிலிருக்கும் தடுப்பூசி அட்டவணையை வாசிக்கிறார். மிகவும் கவனமாக வாசிக்கிறார். சிறு எழுத்துகள் உட்பட.

முதல் ஊசி. ஒன்றும் இல்லை. வாய் திறந்திருக்கிறது, ஒலி இல்லை. முகம் சிவந்துகொண்டே போகிறது. அறையில் எல்லாரும் அந்த ஒலிக்காகக் காத்திருக்கிறார்கள். வருகிறது. அது முடிவதற்குள் இரண்டாவது ஊசி.

வாசலில் பாட்டி "முருகா" என்கிறார்.

வட்டமான சின்னப் பிளாஸ்திரிகள். தாய் தோளில் சாய்த்துக்கொள்கிறாள். அழுகை விக்கலாகிறது. விக்கல் நிற்கிறது. அவன் தாதியைப் பார்க்கிறான். தாதி கரடிப் பேனாவை ஆட்டுகிறார். அவன் சிரிக்கிறான். கண்ணீர் இன்னும் கன்னத்தில் நிற்கிறது. கறுப்புப் பொட்டு கரைந்து காது வரை ஓடியிருக்கிறது. அழாதவர் போலக் கண்ணைத் துடைப்பது தாய் மட்டும்தான்.

வெளியே உட்கார வேண்டும். ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்தில் இளம் தகப்பன் ஒருவர், இரண்டு மாதக் குழந்தையோடு. முதல் முறை. பிளாஸ்திரிகளையே பார்க்கிறார். கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை. தன் துணி மூட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறார்.

தாயின் போன் ஒலிக்கிறது. காணொளி அழைப்பு. திரையில் மன்னார்குடி. அங்கே மணி ஆறே முக்கால். வாசல் தெளித்த ஈரம் பின்னால் தெரிகிறது.

"அழுதானா? எடை எவ்ளோடி?" தாயைப் பெற்ற பாட்டியின் குரல்.

இந்தப் பாட்டி கையை வேகமாக ஆட்டுகிறார். சொல்லாதே. தாய் வாயை மூடுகிறாள். அழைப்பைத் துண்டித்துவிட்டு எழுத்தில் அனுப்புகிறாள். 7.1.

பதில் உடனே வருகிறது. யாருகிட்டயும் சொல்லாத. சாயந்தரம் மிளகாய் சுத்திப் போடு.

தாய் திரையை மாமியாரிடம் நீட்டுகிறாள். பாட்டி கண்ணாடியை ஏற்றி வாசிக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து வசம்பு வளையலை எடுத்து மணிக்கட்டில் மாட்டுகிறார்.

கட்டண முகப்பில் நிற்க வேண்டியதில்லை. 2020 நவம்பரிலிருந்து சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தைகளுக்குத் தேசிய அட்டவணையில் உள்ள தடுப்பூசிகளும் வளர்ச்சிப் பரிசோதனைகளும் பலதுறை மருந்தகத்தில் இலவசம். ரசீது மட்டும் வருகிறது. பூஜ்ஜியம் அச்சடித்த ரசீது. தகப்பன் அதையும் மடித்துப் புத்தகத்துக்குள் வைக்கிறார்.

முன்பதிவுக்காரர் திரையைப் பார்த்துத் தேதி சொல்கிறார். தகப்பன் ஷிஃப்ட் அட்டவணையைத் திறந்து பார்க்கிறார். இரவு வேலை. சரி என்கிறார்.

இந்நாட்டில் சட்டப்படி கட்டாயமான குழந்தைத் தடுப்பூசிகள் இரண்டு. தொண்டை அடைப்பான், தட்டம்மை. முதலாவதில் மூன்று தவணை இன்றோடு முடிந்தது. தட்டம்மை ஊசிக்குப் பன்னிரண்டு மாதம் நிறைய வேண்டும்.