விளக்குப் பூட்டிய கதை

விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய பழைய மாணவர் சங்கத்தார், தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். யாமோ ஒரு மோட்டார் வண்டியின் விளக்கைப்பற்றி எழுதத் துணிந்தோம். காரணம் ஈற்றில் விளங்கும்.

2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பழைய வண்டி உடையோர் உள்ளதைப் பேணுவதன்றி வேறு வழியறியாராயினர். யாமும் அவருள் ஒருவரே. வெள்ளவத்தையில் மாலை வகுப்பை முடித்துக்கொண்டு மழை இரவுகளிற் கொட்டாஞ்சேனைக்கு மீளும்போது, எம் வண்டியின் மங்கிய முன்விளக்குகள் மின்மினியோடு போட்டியிட்டுத் தோற்கும்.

ஆமர் வீதி வழியே சென்றாற் பஞ்சிகாவத்தை. மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற அவ்விடத்தில் இரண்டு மூடுபனி விளக்குகளை வாங்கினோம். எம் வண்டியின் முன்பம்பரில் அவ்விளக்குகளுக்குரிய இடங்கள் பிளாஸ்ரிக் மூடிகளால் அடைக்கப்பட்டிருந்தன. கூலி கொடுப்பானேன், யாமே செய்வோம் என்று வாளலகை எடுத்தோம். ஒரு மூடி பிளந்தது. மற்றதன் துளை வட்டமுமாகாது சதுரமுமாகாது நின்றது. வயர்களை நேரே சுவிட்சில் முடுக்கி விளக்கை ஏற்றினோம். வெளிச்சம் வந்தது, சிறிது நேரத்திற் புகையும் வந்தது.

அயலவர் ஒருவர், “அடுத்த ஒழுங்கையில் கெட்டிக்காரப் பொடியன் ஒருவன் இருக்கிறான்” என்று அழைத்துவந்தார். வந்தவர் எம் பழைய மாணவர். கடைசி வாங்கில் இருந்தவர். தமிழ்ப் பாடத்திற் சித்தியெய்தாதவர். ஒருநாள் அவர் தந்தையாரை வரவழைத்து, மகன் கேட்கவே, “இவன் உருப்படான்” என்று யாம் கூறியதுண்டு. அவர் அதனை மறந்திருப்பார் என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம்.

கருகிய வயரைக் கையிலெடுத்தவர் நகைத்தாரல்லர். “சேர், ஒரு விளக்கு 55 உவாற்று. 12 உவோற்றில் நாலரை அம்பியர் இழுக்கும். ரெண்டுக்கும் ஒன்பது. இந்தச் சின்னச் சுவிட்சும் மெல்லிய வயரும் தாங்குமா? நடுவில ரிலே போடவேணும். உயிரும் உயிரும் நேரே சேராது, உடம்படுமெய் வரவேணும் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?”

யாம் வாயடைத்து நின்றோம். சுவிட்சின் சிறு மின்னோட்டம் ரிலேயை இயக்க, ரிலே தடித்த வயர் வழியே பற்றரியின் பெருமின்னோட்டத்தை விளக்குகளுக்கு விட்டது. பற்றரிக்கு அண்மையில் 15 அம்பியர் உருகி ஒன்றையும் வைத்தார். புது மூடிகளைக் கடதாசியில் அளவெடுத்துச் சிறுகச் சிறுக அரிந்து, விளிம்பை அரத்தால் ஆற்றுப்படுத்தினார்.

இருள் சூழ்ந்ததும் மதிலுக்கு 25 அடி தொலைவில் வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சோக்கினாற் கோடிட்டார். ஒளியின் மேல் விளிம்பு அக்கோட்டிற்கு 4 அங்குலம் கீழே நிற்குமாறு திருகினார். “இன்னும் சற்று உயர்த்து, தம்பி, தூரம் தெரியட்டும்” என்றோம். அவர் இசைந்திலர். “ஜம்பட்டா வீதியில எதிர வாறவனுக்குக் கண் கூசும், சேர். எங்களுக்கு வெளிச்சம், மற்றவனுக்கு இருட்டோ?” 2025 தை மாதத்தில் வாகனங்களின் மேலதிக அலங்காரங்களுக்கு எதிராகப் பொலிசார் நடவடிக்கை தொடங்கியபோது பலர் முணுமுணுத்தனர், எமக்கோ இச்சொல்லே நினைவில் வந்தது.

கூலியை வாங்க மறுத்தார். அப்பொழுதுதான் எமக்குத் துணிவு பிறந்தது. “தம்பி, அன்று உன் தந்தையாரிடம் சொன்னது எம் பிழை” என்றோம். அவர் கைகளைத் துடைத்தவாறே, “தெரியும், சேர். அப்பா போன வருசம் மோசம் போயிட்டார். அவரிட்டச் சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்றார். பின்னர் ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையிற் சென்று மறைந்தார்.

இளம் ஆசிரியர்களே, நாம் வகுப்பிற் கூறும் ஒரு சொல் எத்தனை வீடுகளுக்குச் செல்கின்றது என்பதை நாம் அறியோம். அதனைத் திருத்த எண்ணுங் காலத்திற் கேட்பார் இல்லாது போதலுங் கூடும். மாணவச் செல்வங்களே, கடைசி வாங்கும் கல்லூரியின் வாங்கே. எம் வண்டி இன்றும் ஓடுகின்றது. அவ்விளக்குகளை ஏற்றுந்தோறும் வீதி தெளிவாகத் தெரிகின்றது. அந்தத் தந்தையாரின் முகமும் உடன் தெரிகின்றது.

கல்லூரித் தாய் நீடு வாழ்க!