எரிமலைக்குள் ஓர் உலாத்தல்

ஞாயிற்றுக்கிழமை எண்டால் ஜேர்மன்காரரில் அரைவாசிப்பேர் நடக்கப் போய்விடுவார்கள். கடைக்கு இல்லை, வேலைக்கு இல்லை, சும்மா நடக்க. நாங்கள் எங்கே போகிறோம்? சாமத்தியவீடு, கல்யாணவீடு, பிறந்தநாள், அந்தியேட்டி. ஒரு மண்டபத்துக்குள் போய் ரோல்சும் வடையும் சாப்பிட்டு, வீடியோக்காரனுக்கு முகத்தைக் காட்டி, மண்டபத்தால் வெளியே வர ஞாயிறும் முடிந்துவிடும். பிறகு சீனி வந்திட்டுது, பிறஷர் வந்திட்டுது, டொக்டர் நடக்கச் சொல்லுறார் எண்டு ஒருவருக்கு ஒருவர் ரெலிபோனில் சொல்லிக்கொள்ளுவோம். அதையும் கதிரையில் இருந்துகொண்டுதான் சொல்லுவோம்.

நான் நடக்கத் தொடங்கிப் பல வருடங்கள். நடப்பது ஐஃபெல் மலைப்பக்கம். கேள்ன், கோப்லென்ஸ், ட்ரியர் நகரங்களுக்கும் பெல்ஜிய எல்லைக்கும் நடுவில் இருக்கும் மேட்டுநிலம் அது. மலை எண்டு சொன்னாலும் பயப்பட ஒன்றுமில்லை, அதன் உச்சியே 747 மீற்றர்தான். விசயம் என்னவென்றால் இந்தப் பச்சைப் புல்லுக்கும் மாட்டுப்பட்டிகளுக்கும் கீழே முந்நூறுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் இருக்கின்றன. புகையைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். தெரிவதெல்லாம் வட்டமான குளங்களும், கவிழ்த்துவைத்த சட்டி மாதிரியான மொட்டைக் குன்றுகளும், அவற்றைச் சுற்றி ஐம்பது, அறுபது வயதுக்காரரும் நோகாமல் நடக்கக்கூடிய பாதைகளும்தான்.

எல்லாரும் முதலில் போவது லாஹர் ஏரிக்கு. நானும் அதைத்தான் முதலில் சொல்லவேண்டும், ஆனால் என்னுடைய காரணம் வேறு.

1986ல் கிழக்கு பேர்லினில் வந்திறங்கி, எஸ்-பான் பிடித்து மேற்குக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். பிறகு பிரித்து அனுப்பியதில் எனக்கு விழுந்தது இந்தப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பழைய விடுதி ஒன்றில் அறைக்கு நாலு பேர். ஏரி அங்கிருந்து ஆறேழு கிலோமீற்றர் இருக்கும், சைக்கிளில் போனால் அரை மணித்தியாலம். ஆனால் ஏரி இருந்தது அடுத்த மாவட்டத்தில். 1982ல் வந்த அகதிச் சட்டத்தின்படி தஞ்சம் கேட்டவர் தன் மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் எடுக்கவேண்டும். ஏரி பார்க்கவேண்டும் எண்டு போய்க் கேட்டால் எந்த அதிகாரி கடிதம் தருவார்? பக்கத்து அறைப் பொடியன் ஒருவன் மச்சானைப் பார்க்கப் போய்ப் பிடிபட்டு, மாதக் கைச்செலவுக் காசில் தண்டம் கட்டினான். நாங்கள் விடுதிக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி நிண்டு, அந்தப் பக்கத்துக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்.

ஊரில் ஆமிக்காரனிடம் பாஸ், வன்னியில் இயக்கத்திடம் பாஸ், இங்கே வந்தால் வெள்ளைக்காரனிடம் பாஸ். 2015ல்தான் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று மாதத்தோடு முடிகிற மாதிரித் தளர்த்தப்பட்டது. எனக்கு அதற்கு வெகுகாலம் முன்னமே கடவுச்சீட்டுக் கிடைத்துவிட்டது. கிடைத்த முதல் சனிக்கிழமை நான் பாரிசுக்கோ லண்டனுக்கோ போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஏரிக்குப் போய் முழுச்சுற்றும் நடந்தேன். சுற்றளவு எட்டுக் கிலோமீற்றர். அன்றைக்கு இரண்டு மணித்தியாலத்தில் முடித்தேன், இப்போது இரண்டரை.

பாதை பெரும்பாலும் சமதரை. ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் காடு. தென்மேற்குக் கரையில் 1093ல் தொடங்கிய மரியா லாஹ் மடாலயம் ஆறு கோபுரங்களோடு நிற்கிறது. பஸ்சில் வரும் சனம் அதைப் பார்த்துக் கேக்கும் கோப்பியும் முடித்துக்கொண்டு போய்விடும். நீங்கள் கிழக்குக் கரைக்கு நடவுங்கோ. அங்கே கரையோரத் தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும், சோறு கொதிக்கத் தொடங்கும்போது வருகிற மாதிரி. கையை வைத்தால் குளிர்ந்த தண்ணீர். அந்தக் குமிழி காபனீரொட்சைட்டு. ஆழத்தில் கிடக்கும் எரிமலைக் குழம்பிலிருந்து வருவது. அது காற்றைவிடப் பாரமானது என்பதால் பள்ளங்களில் தங்கும். குழந்தைகளைக் குனிந்து முகர்ந்து பார்க்க விடவேண்டாம்.

ஏறத்தாழ 13,000 வருடத்துக்கு முதல் இந்த ஏரி இருக்கிற இடம் வெடித்தது. சாம்பல் சுவீடன் வரைக்கும், வட இத்தாலி வரைக்கும் போயிருக்கிறது. வெடித்துக் கொட்டிய கல்லும் தூளும் ரைன் ஆற்றையே மறித்து அணைகட்டி, பிறகு அந்த அணை உடைந்து வெள்ளம் போயிருக்கிறது. பக்கத்து மென்டிக் ஊரில் விங்கெர்ட்ஸ்பெர்க் எண்டொரு மதில் மாதிரியான வெட்டுமுகம் உண்டு. நாற்பது மீற்றர் அளவு உயரத்துக்கு வரிவரியாகச் சாம்பல் அடுக்குகள். கோடிக்கணக்கான வருடத்து மண் எண்டு நினைப்பீர்கள். இல்லை, எல்லாம் சில நாட்கள், சில கிழமைகளுக்குள் விழுந்தவை. அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நிண்டு பாருங்கோ.

இனியும் வெடிக்குமா எண்டு கேட்பீர்கள், எல்லாரும் கேட்பதுதான். ஏரிக்குக் கீழே வெகு ஆழத்தில் மெல்லிய அதிர்வுகள் இருப்பதாகவும், குழம்பு அசைவதாக இருக்கலாம் என்றும் 2019ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். உடனே வெடிப்பதற்கு அறிகுறி எதுவும் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். உறங்குகிறது, ஆனால் சாகவில்லை.

வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை கட்டிடக் கல் அறுக்கும் தொழிற்சாலையில். கல்லைத் தூக்கினால் பாரமே இருக்காது, பாண் மாதிரிப் பொருபொருத்துப் போயிருக்கும். நுரைக்கல். அந்த வெடிப்பில் காற்றோடு நுரைத்து வந்து விழுந்ததுதான் அந்தக் கல். ரைன் கரையில் நொய்வீட் பக்கத்துப் பள்ளம் முழுக்க அது பரவிக் கிடந்தது. யுத்தத்தில் இடிந்த ஜேர்மன் நகரங்களில் எத்தனையோ வீடுகள் அதில்தான் எழும்பின. மூன்று வருடம் அந்தத் தூளைச் சுவாசித்து உழைத்த காசில்தான் தங்கச்சியின் கல்யாணம் நடந்தது. எரிமலையால் நன்மை அடைந்தவர்கள் பட்டியல் போட்டால் எங்கள் வீட்டையும் சேர்க்கவேண்டும்.

மென்டிக்கில் நடந்து களைத்தால் நிலத்துக்குக் கீழே போகலாம். அங்கே 32 மீற்றர் ஆழத்தில் பழைய கல்லகழ்ந்த குகைகள் இருக்கின்றன. வெளியில் எவ்வளவு வெயில் எரித்தாலும் உள்ளே ஆறு முதல் ஒன்பது பாகைதான், குளிர்ச்சட்டை வேண்டும். 19ம் நூற்றாண்டில் இந்தக் குளிருக்காகவே பியர் காய்ச்சுகிறவர்கள் இங்கே வந்து குவிந்திருக்கிறார்கள்; குளிரூட்டும் இயந்திரம் வந்த பிறகு எழும்பிப் போய்விட்டார்கள். ஆனால் இந்த ஊர்க் கல்லின் பழைய பெருமை பியர் இல்லை, அரைப்பது. ரோமர் காலத்திலேயே இந்தப் பக்கத்துத் திரிகைக்கல் ரைன் ஆற்றால் தூரதேசம் போயிருக்கிறது. காரணம், இந்தக் கருங்கல்லுக்குள் சின்னச் சின்னக் காற்றறைகள். மேற்பரப்புத் தேயத் தேயப் புது அறைகள் வாய் திறக்கும், கல் தன்னைத்தானே கூராக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டு அம்மியை வருடத்துக்கு ஒருமுறை உளியோடு வந்து பொழிந்துவிட்டுப் போகிறவரை நினைத்துக்கொண்டேன். இந்தக் கல் அங்கே இருந்திருந்தால் அந்த மனிசனுக்குப் பிழைப்பு இருந்திராது.

இனி மேற்குப் பக்கம், டவுண் நகரம். எனக்கு லாஹர் ஏரியைவிடப் பிடித்த இடம் இதுதான். நகரத்தை ஒட்டியே மூன்று வட்டக்குளங்கள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. கெமுண்டன், வைன்பெல்ட், ஷால்கன்மேரன். இப்படியான குளத்துக்கு இந்த ஊர்ச்சனம் வைத்த பேர் ‘மார்’. 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டுப்புறச் சொல்லை எடுத்து எழுதப்போய், இன்றைக்கு உலகத்தில் எங்கே இப்படியொரு குளம் இருந்தாலும் நிலவியல்காரர் அதற்கு மார் எண்டுதான் சொல்லுகிறார்கள். (தமிழில் எழுதினால் சிரிப்பு வருகிறது, நான் என்ன செய்ய.)

மேலே வருகிற நெருப்புக்குழம்பு நிலத்தடித் தண்ணீரைத் தொட, தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகி நிலத்தைத் துளைத்துக்கொண்டு வெடிக்கும். மலை எழும்பாது, குழிதான் மிஞ்சும். பிறகு குழியில் தண்ணீர் நிறையும். யாழ்ப்பாணத்தார் நிலாவரைக் கிணற்றை நினைத்துப் பார்க்கலாம். அதுவும் அடியில்லாத கிணறு எண்டு பேர்வாங்கியதுதான். ஆனால் அது சுண்ணக்கல்லைத் தண்ணீர் கரைத்து ஆன பள்ளம், இது தண்ணீரும் நெருப்பும் சண்டைபிடித்து ஆன பள்ளம். இவற்றுக்கு அடியும் இருக்கிறது, அளந்துவிட்டார்கள். வைன்பெல்ட் குளம் 51 மீற்றர். அதற்கும் ஷால்கன்மேரன் குளத்துக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய வரம்புதான், ஆனால் ஒன்றின் தண்ணீர்மட்டம் மற்றதைவிட அறுபது மீற்றருக்கு மேல் உயரம். வரம்பில் நிண்டு இரண்டையும் பார்த்தால் தலை சுற்றும்.

வைன்பெல்ட் குளத்துக்கு இன்னொரு பேர் ‘செத்தவர்களின் மார்’. வைன்பெல்ட் எண்டொரு கிராமம் அதன் கரையில் இருந்தது. 16ம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து ஊர் அழிந்துபோனது. வீடு ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவரோடு அவர்களின் கோவிலும் சேமக்காலையும் மட்டும் நிற்கின்றன.

2004ல் அம்மாவை விசிற் விசாவில் கூப்பிட்டிருந்தோம். சேலைக்கு மேல் என்னுடைய குளிர்ச்சட்டை, காலில் மகளின் சப்பாத்து. காரால் இறங்கியதும் கேட்டா:

“நடக்கிறதுக்கோ தம்பி இவ்வளவு தூரம் காரில வந்தனீங்கள்?”

அவவைக் குறைசொல்ல ஏலாது. எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். 1990ல் அங்கிருந்து எழும்பி நடந்தவ. 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தால் இலட்சக்கணக்கான சனத்தோடு நடந்தவ. அவவின் ஆயுளில் நெடுந்தூரம் நடந்ததெல்லாம் யாரோ கலைத்து நடந்ததுதான். ஒருவரும் கலைக்காமல் நடப்பது அவவுக்குப் புதினம். நாங்கள் உலாத்துவோம் எண்டு சொன்னேன். அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. குளத்தைச் சுற்றி மெல்ல மெல்ல ஒரு மணித்தியாலம் உலாத்தினா. சரிவில் மேய்ந்த ஆடுகளைப் பார்த்து, இவை கொழுத்த ஆடுகள், நல்ல குழை கிடைக்குது போல எண்டா.

கோவிலடிக்கு வந்தபோது சேமக்காலையில் சிவப்புக் கண்ணாடிக்குள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கல்லறைகளில் புதுப் பூ.

“ஊரில ஆக்கள் இல்லை எண்டாய். பிறகு ஆர் விளக்கு வைக்கினம்?”

பக்கத்து ஷால்கன்மேரன் சனம் இண்டைக்கும் தங்கட ஆக்களை இங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்யினம் எண்டேன். அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நிண்டா.

“அப்ப இவையை உள்ளுக்கை விடுகினம்” எண்டு மட்டும் சொன்னா.

அந்த வருடம் சமாதான காலம் எண்டு பேர். ஆனால் எங்கள் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். உயிரோடிருப்பவரும் போக ஏலாது, செத்தவரையும் கொண்டுபோக ஏலாது. 2011ல் அம்மா கண்மூடியபோது இரவல் ஊர்ச் சுடலையில்தான் எரித்தோம். 2017ல் மயிலிட்டித் துறைமுகப் பகுதியை விட்டார்கள், வேறு துண்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டன. எங்கள் காணி இன்னும் கம்பிக்கு உள்ளேதான். கொள்ளைநோய் கொண்டுபோன ஊருக்கே நானூறு வருடத்துக்குப் பிறகும் விளக்கு எரிகிறது. நோயோடு கோபிக்க முடியாது. கம்பி போட்டவனோடு எனக்குக் கோபம் இருக்கிறது, அது ஆறவும் இல்லை.

சரி, நடைக்கு வருவோம்.

முதல்முறை போகிறவர்கள் வைன்பெல்ட் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கோ, முழங்கால் நோ உள்ளவருக்கும் ஏலும். தெம்பு இருந்தால் 561 மீற்றர் உயர மொய்ஸபெர்க் குன்றில் ஏறினால் ட்ரொங்கே கோபுரம் இருக்கிறது. இந்தப் பாதைகளுக்கெல்லாம் குறிபோட்டுப் பராமரிக்கும் ஐஃபெல் சங்கத்தை 1888ல் தொடங்கியவரின் நினைவாக 1902ல் கட்டியது. மூன்று குளத்தையும் சேர்த்து நடக்க அரைநாள் வேண்டும். வைன்பெல்ட் குளத்தில் குளிக்கத் தடை. கெமுண்டனிலும் ஷால்கன்மேரனிலும் கோடையில் குளிக்கலாம். மே கடைசி, ஜூன் தொடக்கம் போனால் சரிவெல்லாம் மஞ்சள் பூ, அதை இந்த ஊரார் ஐஃபெல் தங்கம் என்கிறார்கள். மழை பெய்தால் எரிமலைக்கல் வழுக்கும், கோவிலுக்குப் போடும் செருப்போடு வரவேண்டாம்.

எதிரில் வருகிறவர்கள் வணக்கம் சொல்லுவார்கள், நீங்களும் சொல்லுங்கோ. நகரத்தில் ஒரே லிப்ற்றில் பத்து வருடம் ஏறி இறங்கியும் வாய் திறக்காத மனிதர்கள், காட்டுப்பாதையில் எப்படியோ வாய் திறக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அங்கே ஒருவரும் என்னிடம் எங்கிருந்து வருகிறாய், கடிதம் எங்கே எண்டு கேட்டதில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் திரும்பும்போது வாலன்போர்ன் ஊரில் நிற்பாட்டுங்கோ. ஊர் நடுவில் ஒரு கிணறு, அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் பொங்கி ஆள் உயரத்துக்கு மேலே எழும்பும். பொங்குவதற்குக் கொஞ்சம் முதல் அவித்த முட்டை மணம் வரும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் குற்றம்சாட்டத் தொடங்குவார்கள். அப்போது கமெராவை எடுத்து ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கோ.