பதினான்கு நாள் தவணை

அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற முதல் முஸ்லிம்களின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குறைஷியரின் தூதர்கள் அன்பளிப்புகளோடு வந்து, அவர்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கோரினர். அவையோரும் அதற்கு இசைந்தனர். நஜ்ஜாஷி மன்னரோ, அடைக்கலம் தேடி வந்தவர்களை அழைத்து விசாரிக்காமல் ஒப்படைக்க மறுத்துவிட்டார். அதன் பிறகே ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் பேசினார்கள். அந்த உரையை வியந்த அளவுக்கு, அதற்கு இடமளித்த விசாரணையை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இலண்டனில் ஓர் ஆப்கானிய இளைஞரின் கடிதத்தைப் படிக்க நேர்ந்தபோதுதான் அது உறைத்தது.

அஸ்ர் தொழுகைக்குப் பின் அவர் அதை எங்களிடம் நீட்டினார். பாகிஸ்தானில் சில காலம் இருந்தவர் என்பதால் உருது பேசுவார். எங்களில் இருவருக்கும் அம்மொழி ஓரளவு தெரியும். புகலிட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டுக்குத் தவணை பதினான்கு நாள். முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்தே அது எண்ணப்படும். கடிதமோ அவர் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறையில் நான்கு நாள் கிடந்திருக்கிறது.

நிராகரிப்புக்கான காரணங்களில் முதன்மையானது ஒரு தேதி. முன்னைய அரசின் இராணுவத்தில் இருந்த தம் அண்ணன் ஜதி மாதம் 1399இல் கொல்லப்பட்டார் என்று நேர்காணலில் அவர் கூறியிருந்தார். ஆப்கானியரின் சூரிய ஹிஜ்ரி ஆண்டு மார்ச் மாதத்தில் பிறக்கிறது. 621ஐக் கூட்டினால் 2020 வரும். ஆனால் பத்தாம் மாதமான ஜதியின் பெரும்பகுதி அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரியில் விழுகிறது. நேர்காணல் குறிப்பில் ‘2020 ஜனவரி’ என்று பதிவாகியிருந்தது. இராணுவம் வழங்கிய கடிதத்தில் ஜதி 20, 1399. அதாவது 2021 ஜனவரி 9. மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஓராண்டுப் பிழை, அவர் கூற்றை நம்பத் தகாததாக்கிவிட்டது.

முன்பும் இத்தகைய பிழைகள் நேர்ந்தன. ஆனால் 2022ஆம் ஆண்டின் தேசிய உரிமை மற்றும் எல்லைகள் சட்டம் நிரூபணத்தின் அளவை உயர்த்தியது. அதற்குமுன், கூற்று உண்மையாக இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று காட்டினால் போதும். அவ்வாண்டு ஜூன் 28 முதல் விண்ணப்பித்தோர், தாம் மெய்யாகவே அஞ்சுகிறோம் என்பதையும் அவ்வச்சத்தின் அடிப்படையையும், பொய் என்பதைவிட மெய் என்பதே மிகுதி என்னும் அளவுக்கு நிறுவ வேண்டும். ஊரைவிட்டு ஓடியவர் கையில் என்ன சான்று மிஞ்சும்?

சான்றைத் திரட்டித் தர வழக்கறிஞர் வேண்டும். புகலிட வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி உண்டு என்பது உண்மையே. எனினும் அப்பணிக்கான ஊதியம் 1996ஆம் ஆண்டுக்குப் பிறகு உயராமல் கிடந்தது. 2011இல் பத்து விழுக்காடு குறைக்கவும் பட்டது. அலுவலகங்கள் ஒவ்வொன்றாக இத்துறையைவிட்டு விலகின. நாங்கள் தொலைபேசியில் அழைத்த இடங்களிலெல்லாம் புதிய வழக்குகளை ஏற்பதில்லை என்ற பதில்தான். நாங்களே உதவலாமே என்றால், பதிவு பெறாதோர் குடியேற்ற ஆலோசனைப் பணி செய்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போலி ஆலோசகர்களைத் தடுக்க வந்த நல்ல விதிதான். அதைக் குறை கூற மாட்டோம். ஆயினும் அன்று எங்களால் இயன்றது கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் தொலைபேசியோடு காத்திருப்பதும் மட்டுமே.

சட்டம் நீதிபதியின் வாயையும் கட்டக்கூடும். ருவாண்டா பாதுகாப்பான நாடன்று என 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலிலோ, அதைப் பாதுகாப்பானது என்றே கொள்ளுமாறு நீதிமன்றங்களைப் பணிக்கும் சட்டம் வந்துவிட்டது. அடுத்து வந்த அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

பதினோராம் நாள் ஒரு வழக்கறிஞர் இசைந்தார். அல்ஹம்துலில்லாஹ், மேல்முறையீடு தவணைக்குள் பதிவாயிற்று. விசாரணை மறு ஆண்டு கோடையில்தான் நடந்தது. நாங்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். நீதிபதி நாட்காட்டியைப் பற்றிக் கேட்டார். அவர் ஹமல், சவ்ர், ஜவ்ஸா என்று விரல்விட்டு எண்ணி, பத்தாவது விரலில் ஜதி என்று நிறுத்தினார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை.