புதைக்கக்கூடாது என்பது விதி

ஊரில் இருந்தவரைக்கும் ஜியோகேஷிங் என்ற விளையாட்டைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஒருவர் சின்னப் பெட்டியொன்றை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஃபோனில் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தேடிப் போகவேண்டும். கண்டுபிடித்தால், உள்ளே இருக்கிற கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கவேண்டும். பரிசு கிடையாது.

ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையை வேண்டுமென்றே பிழைபட வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி அந்தத் தடை நீங்கியது. அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்குக் கிட்ட ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் இடத்தை இணையத்தில் எழுதினார். விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது.

நாங்கள் மூன்று பேர், மெல்பேர்னில் படிக்க வந்தவர்கள். ஒருத்தி கிளிநொச்சி, ஒருத்தன் வாகரை, மற்றது யாழ்ப்பாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வடகிழக்கே உள்ள கங்காரு கிரவுண்ட் என்ற ஊருக்குப் போனோம். அங்கே மேட்டில் ஒரு கற்கோபுரம் நிற்கிறது. முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1926இல் கட்டியது. பிறகு அதன் உச்சியில் ஓர் அறை வைத்துக் காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரமாக்கினார்கள். கோடைகாலத்தில் ஒருவர் மேலே இருந்து புகை தெரிகிறதா என்று பார்ப்பார். புகை கண்டால் திசையைச் சொல்லுவார். இன்னொரு கோபுரத்தில் இருப்பவரும் திசை சொன்னால், வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் தீ.

நாங்கள் போனபோது குளிர் தொடங்கியிருந்தது. மேல் அறையில் ஆளில்லை. பெட்டி கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, பற்றைக்குப் பக்கத்தில் என்று ஃபோன் காட்டியது. வாகரைப் பொடியன் குனிந்து கையை விடப்போனான். கிளிநொச்சிக்காரி அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தது அதுதான். தெரியாத பொருளைத் தொடாதே. பற்றைக்குள் போகாதே. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டாதே. கண்டால் பெரியாக்களிட்டச் சொல்லு. இந்த விளையாட்டோ இதற்கு நேர்மாறு. வழியில்லாத இடத்துக்குப் போ, கல்லைப் புரட்டு, கையை விடு என்கிறது.

அவள் ஃபோனை வாங்கி விளையாட்டின் விதிகளை வாசித்தாள். பெட்டியை நிலத்துக்குள் புதைக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. மண்ணையும் செடிகளையும் கெடுக்கக்கூடாது என்பதற்காக. அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “அப்ப சரி, எடு” என்றாள்.

பெட்டி வெறும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே நனைந்து காய்ந்த கொப்பி, ஒரு பென்சில், விளையாட்டுக் கார் ஒன்று. பெயர்களோடு எங்கட ஊர்களையும் எழுதினோம்.

பிறகு கோபுரத்தில் ஏறினோம். எங்களுக்குக் கோபுரம் என்றால் ஒன்று கோயில், மற்றது ஆமி சென்றி. சென்றியின் கண் றோட்டைத்தான் பார்க்கும். சைக்கிளில் போகிற எங்களைப் பார்க்கும். கீழே போகிற ஆட்களைப் பாராமல் தூரத்துப் புகையைப் பார்ப்பதற்கென்று ஒரு கோபுரம் இருக்கலாம் என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை.

அங்கிருந்து வடக்கே கிங்லேக் மலைத்தொடர் வடிவாகத் தெரியும். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி, கறுப்புச் சனிக்கிழமை என்று இங்கே சொல்லுகிற நாளில், மெல்பேர்னில் வெப்பம் 46.4 பாகை. விக்டோரியா மாநிலம் முழுக்க அந்தத் தீயில் 173 பேர் இறந்தார்கள். மிக மோசமாக எரிந்த இடங்களில் கிங்லேக்கும் ஒன்று. அதற்குப் பிறகு ஆணைக்குழு வைத்து, எச்சரிக்கை எங்கே பிந்தியது, யார் யாருக்குச் சொல்லவில்லை என்று பகிரங்கமாக விசாரித்தார்கள்.

அதே பெப்ரவரியில் வன்னியில் சனம் புதுக்குடியிருப்புப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தி அந்தக் கூட்டத்தில், தாயின் கையைப் பிடித்தபடி. அங்கேயும் மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆளில்லா விமானத்தின் இரைச்சல் தனக்கு இன்னும் ஞாபகம் என்றாள். இரண்டு துயரத்தையும் தராசில் போட நாங்கள் வரவில்லை. ஒரு மாதத்தில் இரண்டு இடங்களில் மேலேயிருந்து பார்த்தார்கள். ஓரிடத்தில் பார்த்தவர்களிடம் மட்டும் பிறகு கேள்வி கேட்கப்பட்டது. அதைத்தான் சொல்லுகிறோம்.

முகமாலையில் மிதிவெடி அகற்றிய காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சனத்திடம் திருப்பிக் குடுக்கிறார்கள். அந்த வேலையில் எங்கட பெண்களும் நிறையப் பேர், முழங்காலில் இருந்து மண்ணைச் சாணளவாய்ச் சோதிக்கிறார்கள். அங்கே ஒரு பெட்டி ஒளிச்சு வைப்பமா என்று வாகரைப் பொடியன் கேட்டான்.

“வைக்கலாம்,” என்றாள் அவள். “இப்ப வேண்டாம். சனம் பயந்திடும்.”