தர்ஜினியின் உயரம்

யாழ்ப்பாணத்தில் வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் பேச்சை எடுத்துப் பாருங்கள். "ஓம், அந்த உயரமான பிள்ளைதானே?" என்பார்கள். ஆறடி பத்தங்குலம், மறைக்கக்கூடிய உயரமில்லைத்தான். புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஈவினையில் பிறந்தவர். சின்ன வயதில் இந்த உயரத்துக்காகவே கேலி கேட்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேலி செய்த ஊர் வாய் இப்போது பெருமை பேசுகிறது. இப்போதும் பேச்சு உயரத்தைப் பற்றித்தான். அதுதான் எனக்கு உறுத்தல்.

வலைப்பந்தாட்டத்தில் வளையம் பத்தடி உயரத்தில் இருக்கும். கூடைப்பந்துபோலப் பின்னால் பலகை கிடையாது; தட்டுப்பட்டாவது விழும் என்று நம்பி எறிய முடியாது. கைக்கு வந்த பந்தை மூன்று விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். மூன்றடி தள்ளி ஒருத்தி கையை நீட்டி மறைத்துக்கொண்டு நிற்பாள். பந்தைப் பிடிக்க உயரம் உதவும். பிடித்ததை வளையத்துக்குள் இறக்கப் பதறாத கை வேண்டும். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் தர்ஜினி போட்டது 348 கோல். அந்தத் தொடரில் வேறெவரும் அவ்வளவு போடவில்லை. அவர் ஆடிய இலங்கை அணிக்குக் கிடைத்த இடமோ, பதினாறில் பதினைந்து! தோற்கிற அணியில் நின்றுகொண்டு இதைச் செய்வதற்கு உயரம் மட்டும் போதுமா?

போர் முடிந்த அதே 2009இல்தான் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. அந்த அணிக்காகக் கோல் போட்டவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். கைதட்டவும் மனம் வராமல், எங்கள் பிள்ளையை விட்டுக்கொடுக்கவும் மனம் வராமல் இருந்தவர்கள் எங்களில் பலர். 2018இல் கிண்ணம் மறுபடி வந்தபோது அந்தத் தயக்கம் குறைந்திருந்தது. 2022இலும் வென்றார்கள். அப்போது தர்ஜினி நாற்பதைத் தாண்டியிருந்தார். இடையில் அவுஸ்திரேலியக் கழக ஆட்டமும் ஆடி வந்தவர்.

இருபது இலட்சம் சனம் மட்டுமே உள்ள ஸ்லோவேனியாவிலும் இப்படி வெளிநாடு போய் ஆடிய ஒருவர் உண்டு: ஐஸ் ஹொக்கி வீரர் அஞ்சே கோப்பிடார். 2006இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணிக்காக இறங்கி, வட அமெரிக்காவின் என்.எச்.எல். தொடரில் ஆடிய முதல் ஸ்லோவேனியர் ஆனார். 2012இலும் 2014இலும் ஸ்டான்லி கிண்ணம் வென்றார். ஆனால் அவர் பிறந்த யெசெனிட்சே, உருக்காலையும் பழைய ஹொக்கிக் கழகமும் உள்ள ஊர். தகப்பனே அங்கு ஆடியவர். பின்னர் தேசிய அணியின் பயிற்றுநர். பிள்ளை விளையாட்டுக்குள்ளேயே பிறந்தான்.

எங்களூரிலும் விளையாட இடமில்லாமலில்லை; பாடசாலைக்குப் பாடசாலை வலைப்பந்தாட்டக் கம்பம் நிற்கிறது. ஓ.எல். வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகள்தான் காணாமற் போகிறார்கள். இன்னொரு தர்ஜினி வரவில்லையே என்று குறைப்படுகிற நாங்களேதான் அவர்களைப் பின்னேர ரியூசனுக்கு அனுப்புகிறோம். அணியில் ஏழு பேர்; கோல் போட அனுமதியுள்ளவர்கள் இரண்டே பேர். மற்ற ஐந்து இடத்துக்கும் ஆள் வேண்டும். உங்கள் மகள் பாடசாலை அணியில் ஆடுகிறாளென்றால் மறிக்காதீர்கள், அவள் ஐந்தடிதான் என்றாலும்.