ஆணி அடிக்கப்படாதுங்க!

பெரிய டி.வி. வாங்குகிறவனுக்குக் கவலையே இல்லை சார். கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போவான். 24 இன்ச் வாங்குகிறவன் பாடுதான் திண்டாட்டம். "இத்தனூண்டு டி.வி.க்குப் போயி ஸ்டாண்டா?" என்று மச்சினன்கூடச் சிரிப்பான்.

எனக்கு வேறு வழியில்லை. இடுப்பு ஆபரேஷன் முடிந்து, அன்னூரிலிருந்து கணபதியில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறார். மூன்று மாசம் கட்டில்தான். படுத்த வாக்கில் பார்க்க வேண்டும், கழுத்து வலிக்கக் கூடாது.

ஊரில் அவர் பார்த்தது, 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததே, அந்த 14 இன்ச் கலர் டி.வி. முதுகில் மூட்டை கட்டிய மகராசி! அதைச் சுவரேற்ற வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் அடிக்க வேண்டும். இப்போதைய 24 இன்ச் நாலு கிலோ தேறினால் அதிகம்.

டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில், "வெசா எவ்வளவுங்ணா?" என்றான் பையன். ஒன்றுமில்லை, டி.வி. முதுகில் இருக்கும் நாலு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம். சின்ன டி.வி.க்கு 75-க்கு 75 மில்லிமீட்டர் அல்லது 100-க்கு 100. அது பொருந்தினால் எந்தக் கம்பெனி ஸ்டாண்டும் சேரும். (ஜாதகம் இவ்வளவு சுலபமாகப் பொருந்தினால் என் நண்பர்கள் பலருக்கு எப்போதோ கல்யாணமாகியிருக்கும்.)

இழுத்தால் நீளும் கை வைத்த ஸ்டாண்டைக் காட்டி ஆசை காட்டினான். தண்ணிக் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? கை நீள நீள, மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து நெம்பும். பி.காம். படித்தவனுக்கே அது புரிந்தது. சும்மா முன்பக்கம் சாய்கிற ஸ்டாண்டு போதுமென்று வாங்கிவிட்டேன்.

அடுத்தது சுவர். அதாவது, வீட்டுக்கார அம்மா.

குடிவந்த அன்றே, "காலண்டருக்குக்கூட ஆணி அடிக்கப்படாதுங்க" என்று சொன்னவர். அட்வான்ஸ் 50,000 ரூபாய் அவர் கையில். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பேசாமல் மாடியேறி வந்தார். அம்மாவைப் பார்த்தார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். 'டொக்' என்றது.

"இதுல போட்டா நிக்காதுங்க தம்பி. ஹாலோ பிளாக்கு, உள்ள பொக்கை. கட்டறப்ப நாந்தானே நின்னு தண்ணி ஊத்தினேன்! அந்த மூலைல காங்கிரீட்டுத் தூணு வருது. அதுல போடுங்க."

தூண் ஒன்பதே இன்ச் அகலம். பெரிய டி.வி. ஸ்டாண்டின் பட்டை அதற்குள் அடங்காது. நம்முடையது ஜம்மென்று உட்கார்ந்தது! கட்டிலைத் திருப்பிப் போட்டோம். டிரில்லர்காரர் பழக்கதோஷத்தில் டீக்கடை உயரத்துக்கு மார்க் பண்ணினார். "இன்னுங் கொஞ்சம் கீழ, கண்ணு" என்று கட்டிலிலிருந்து உத்தரவு வந்தது. எட்டு எம்.எம். பிட், நாலு ஓட்டை, அரை மணி நேரம். ஸ்டாண்டோடு வந்த நீள ஸ்குரூக்களை மட்டும் அவர் ஒதுக்கிவிட்டார். டி.வி.க்குள் அதிகம் போனால் போர்டைக் குத்திவிடுமாம்.

வீட்டுக்கார அம்மா ஸ்டாண்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"காலி பண்றப்ப இதைக் களட்டாதீங்க தம்பி. அப்பிடியே உட்டுட்டுப் போனா ஓட்டைக்குக் காசு புடிக்கமாட்டேன்."