மூன்றாம் முடிச்சும் பன்னிரண்டு கோயில்களும்

திருமணத்திற்குச் செல்லும் வழியில் தெய்வ தரிசனத்தையும் முடித்துக்கொள்வது தமிழ்க் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். வண்டிச் செலவு ஒன்று, புண்ணியம் இரண்டு. வட்டகொடையிலிருந்து கடல் கடந்து ஒரு திருமணத்திற்குப் புறப்பட்ட நாங்களும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டோம்.

2024ஆம் ஆண்டு ஆடி மாத இறுதியில் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலிருந்து எங்கள் தாய்மாமன் அனுப்பிய மணவோலை வந்து சேர்ந்தது. அவருடைய பேரனுக்கு ஆவணியில் முகூர்த்தம். அச்சிட்ட எழுத்துகளுக்குக் கீழே மாமா தம் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: “அக்கா, மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தாள் இல்லை. மூன்றாம் முடிச்சை நீதான் போட வேண்டும்.”

அன்னை அதனைப் படிக்கச் சொல்லி இருமுறை கேட்டார். பின் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குச் சென்றுவிட்டார்.

அந்த ஒரு வரியின் பொருள் எங்கள் குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. மலையகத்தின் பல குடும்பங்களுக்கு உரியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிப்போன தோட்டத் தொழிலாளரின் விதியை, 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பிரித்தது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பற்றிப் பிறகு பேசலாம் என்பது ஏற்பாடு. பிறகு பேசியது 1974ஆம் ஆண்டில்; அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

அந்தக் கூட்டல் கழித்தலில் எங்கள் அன்னை கணவரின் விண்ணப்பத்தோடு இலங்கைப் பக்கம் நின்றார். அவருடைய ஒரே தம்பி பெற்றோரின் விண்ணப்பத்தோடு இந்தியப் பக்கம் போனார். 1973இல் அவர்கள் வட்டகொடை நிலையத்தில் வண்டி ஏறிய அன்று, எங்கள் தமையனைப் பெற்றெடுத்து இரண்டாம் நாளாக அன்னை மருத்துவமனையில் கிடந்தார். தாய் தந்தையரையும் தம்பியையும் வழியனுப்பக்கூட அவரால் இயலவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின் நீலகிரித் தேயிலைக்கே மாமா வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்கவென்று தமிழக அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது.

1978இல் மாமாவுக்குத் திருமணம் நடந்தது. தாலியின் முதல் முடிச்சை மணமகன் போட, மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுவது எங்கள் குலவழக்கு. அன்று அந்த முடிச்சைப் போட்டவள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. நாற்பத்தாறு ஆண்டுகளாக மாமா அதனை மறக்கவில்லை என்பதை அந்த ஒரு வரி எங்களுக்கு உணர்த்திற்று.

ஆயினும் ஓர் இடையூறு இருந்தது. எங்கள் தந்தையார் காலமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. “பூவும் பொட்டும் இழந்தவள் தாலியைத் தொடலாமா? நான் ஓர் ஓரமாக இருந்து பார்த்தால் போதும்” என்று அன்னை சொல்லிவிட்டார். நாங்கள் எதிர்த்துப் பேசத் துணியவில்லை.

பயண ஏற்பாடுகளில் மனத்தைச் செலுத்தினோம். பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் மாத்தளை, நல்லூர், சிக்கல், சமயபுரம், திருவரங்கம், தஞ்சை, சிதம்பரம், மதுரை, பழனி, மருதமலை, இராமேசுவரம், திருச்செந்தூர் என்று பன்னிரண்டு தலங்களை வரிசைப்படுத்தினோம். கையில் இருந்ததோ பத்து நாள். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். பட்டியலைக் கேட்ட அன்னை சிரித்தார்.

“பெரட்டுக்களத்துல பேர் போடுற மாதிரி, ஒவ்வொரு கோயிலுலயும் பேர் போட்டுட்டு ஓடியாரவா போறோம்?” என்றார்.

பிள்ளைகள் விமானத்தை விரும்பினர். அன்னையோ, “தம்பி கடல்ல போனான், நானும் கடல்லயே போறேன்” என்றார். தலைமன்னார்க் கப்பல் எப்பொழுதோ நின்றுபோயிற்று. நல்வாய்ப்பாக, 2023இல் தொடங்கி இடையில் நின்றிருந்த காங்கேசன்துறை-நாகப்பட்டினம் கப்பல் அந்த ஆகஸ்டு 16ஆம் நாள் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது.

வாடகை வேன் ஒன்றில் அதிகாலையில் புறப்பட்டோம். தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை கடந்து கண்டியை அடைந்து, அங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்றோம். முதல் தரிசனம் மாத்தளை முத்துமாரியம்மன். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் உலாவரும் இத்திருக்கோயில் 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரியூட்டப்பட்டுப் பின்னர் மீண்டும் எழுந்தது. முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே கால்நடையாய் வந்து மலையேறிய பாதை மாத்தளையை நோக்கியே அமைந்திருந்தது. பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாய்ந்தோர் பலர். அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடைபயணம் மேற்கொண்டதை வாசகர்கள் அறிவர். அவர்கள் வந்த திசைக்கு எதிர்த்திசையில் நாங்கள் குளிரூட்டிய வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். அம்மன் சந்நிதியில் அன்னை நெடுநேரம் நின்றார்.

முறிகண்டிப் பிள்ளையார் முன்னே வண்டி தானாகவே நின்றது எனலாம். அவ்வழியில் செல்லும் ஓட்டுநர் எவரும் அங்கே ஒரு தேங்காய் உடைக்காமல் போவதில்லை. இரவு யாழ்ப்பாணத்தை அடைந்தோம். நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா நடந்துகொண்டிருந்த காலம் அது. சொன்ன நேரத்தில் சொன்ன பூசை நடக்கும் ஒழுங்கும், மேலாடையின்றி நிற்கும் ஆடவர் வரிசையும், ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டும் எங்களை வியப்பில் ஆழ்த்தின. செல்வரும் வறியரும் ஒரே ரூபாயைக் கொடுத்து முருகனிடம் தம் பெயரைச் சொல்லிக்கொள்ளும் அந்த ஏற்பாடு ஒரு பெரிய நீதி நூலுக்குச் சமம் என்று எங்களுக்குத் தோன்றிற்று. அன்னை தம் பெயருக்குச் சீட்டு வாங்கவில்லை. தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

மறுநாட் பகலில் ஏறக்குறைய நான்கு மணி நேரக் கடற்பயணம். அன்னை இருக்கையில் சாய்ந்து உறங்கவேயில்லை. நாகப்பட்டினத்துக் கரை தெரிந்தவுடன், “இவ்வளவுதானா?” என்றார். நான்கு மணி நேரத் தொலைவைக் கடக்க ஐம்பத்தோர் ஆண்டுகள் ஆனதே என்ற வியப்போ, வருத்தமோ, நாங்கள் அறியோம்.

நாகையை ஒட்டிய சிக்கலில் வெண்ணெய்நாதரையும் சிங்காரவேலரையும் வணங்கினோம். சூரனை வெல்வதற்கு இங்கேதான் அன்னையிடம் முருகன் வேல் வாங்கினான் என்பர். அடுத்த நாள் சமயபுரம். ஊருக்கெல்லாம் நோன்பு காக்கச் சொல்லும் தெய்வங்கள் பல. பக்தர்களுக்காகத் தானே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடப்பவள் சமயபுரத்தாள். பசியறிந்த தெய்வம் ஆதலால்தான் எங்கள் தோட்டங்களில் எல்லாம் மாரியம்மனே குடிகொண்டாள் போலும்!

அங்கேயே எங்கள் பட்டியலுக்கும் முற்றுப்புள்ளி விழுந்தது. அன்னைக்குக் கால்கள் வீங்கிவிட்டன. திருவரங்கத்துக் கோபுரத்தை வண்டியிலிருந்தே கும்பிட்டு நேரே மேட்டுப்பாளையம் சென்று மலையேறினோம். கோத்தகிரியின் முதல் தேயிலைச் சரிவு கண்ணில் பட்டதும் அன்னை நிமிர்ந்து உட்கார்ந்தார். “கவ்வாத்து நல்லாத்தான் வெட்டியிருக்கான்” என்று மட்டும் சொன்னார்.

மாமா வாசலில் நின்றிருந்தார். பிரிந்தபோது இருபத்தொரு வயது இளைஞர். இப்போது எழுபத்திரண்டு வயது முதியவர். இருவரும் கட்டித் தழுவிக்கொள்வார்கள் என்று பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தனர். அப்படி ஒன்றும் நிகழவில்லை. “சாப்டியா தம்பி?” என்றார் அன்னை. “இல்லக்கா, நீ வரட்டும்னு இருந்தேன்” என்றார் மாமா. உள்ளே சென்று இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர்.

அன்றிரவு மூன்றாம் முடிச்சுப் பற்றிப் பேச்சு எழுந்தது. அன்னை தம் கருத்தைச் சொன்னார். பெண் வீட்டார் பக்கத்துப் பெரியவர் ஒருவரும், “சுபகாரியத்தில் வீண் பேச்சுக்கு இடம் வேண்டாமே” என்றார். மாமா தலை குனிந்து மௌனமாக இருந்தார். பொழுது விடிந்தால் முகூர்த்தம்; ஐம்பதாண்டுக் காத்திருப்பு இப்படி முடிய வேண்டுமா என்று எங்கள் நெஞ்சு கனத்தது.

அப்பொழுது மணமகளின் பாட்டியார் எழுந்து வந்து அன்னையின் அருகில் அமர்ந்தார். அவரும் கைம்பெண், மஸ்கெலியாவிலிருந்து அதே கப்பலில் போனவர்.

“மூட்டை முடிச்சோட நம்மளக் கப்பலேத்துனப்ப எந்தச் சாத்திரமும் கூட வரலையே, அக்கா. இந்த ஒரு முடிச்சுக்கு மட்டும் அது எங்கேருந்து வருது?” என்றார்.

எவரும் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை மாரியம்மன் சந்நிதியில், நாதசுரம் முழங்க, எங்கள் அன்னை நடுங்கும் விரல்களால் மூன்றாம் முடிச்சைப் போட்டார். சற்று நேரம் எடுத்தது, புரோகிதர் பொறுத்துக்கொண்டார். ஆட்சேபம் தெரிவித்த பெரியவரே முதற்பிடி அட்சதையைத் தூவியதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

திரும்பும் வழியில் மாமாவும் எங்களுடன் வந்தார். பட்டியலில் நாங்கள் எழுதாத ஒரு கோயிலுக்கு அழைத்துச் சென்றார். துறையூரை அடுத்த ஒரு சிற்றூர்; அங்கே வேம்பின் கீழ் எங்கள் குலதெய்வமான கருப்பண்ணசாமி. அன்னையின் பாட்டனார் இவ்விடத்திலிருந்துதான் ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு இலங்கைக்குச் சென்றார். அந்தப் பிடிமண்ணின்மேல் எழுந்ததே எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள கருப்பன் கோயில். தோட்டந்தோறும் இப்படி ஊர்த் தெய்வங்கள் முந்தானையிலும் துண்டிலும் முடியப்பட்டே வந்து சேர்ந்தன.

“1973லயே இங்க வந்தேன். சிலோன்காரன்னு சொல்லித் திண்ணையில உக்கார வச்சாங்க. அங்க இந்தியாக்காரன், இங்க சிலோன்காரன். சாமி மட்டுந்தான் ஒண்ணும் கேக்கல” என்றார் மாமா, புன்முறுவலோடு.

அன்னை குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் எங்கள் மகள் மெல்லத் தடுத்தாள். மண்ணோடு பூச்சியும் பயிர்நோயும் கடல் கடக்கும். ஆகையால் அனுமதியின்றி ஒரு நாட்டின் மண்ணை மற்றொரு நாட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இலங்கையின் காபித் தோட்டங்களை அழித்ததையும், அந்த அழிவின்மேலேயே தேயிலை வளர்ந்ததையும் அவள் பாட்டிக்கு எடுத்துரைத்தாள். அன்னை பொறுமையாகக் கேட்டார். பாட்டனாருக்கு இல்லாத தடை பேத்திக்கு இருந்தது. மண்ணை வேம்பின் அடியிலேயே இட்டுவிட்டுப் பூசாரியிடம் திருநீறு வாங்கிக்கொண்டார்.

பிறகு தம் பையைத் திறந்து, நாங்கள் அறியாமல் வட்டகொடையிலிருந்து கொண்டுவந்திருந்த தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கருப்பன் காலடியில் வைத்தார்.

“இது என்னம்மா?” என்று பூசாரி கேட்டார்.

“அவரு மண்ணு அங்க இருக்குல்ல, அது பக்கத்துல வெளஞ்சது” என்றார் அன்னை.

நாகப்பட்டினத்தில் மாமாவிடம் விடைபெற்றோம். இம்முறை வழியனுப்ப ஆள் இருந்தார், கையசைக்கவும் முடிந்தது. ஊர் திரும்பிய மறுநாள் அன்னை அந்தத் திருநீற்றை லயத்துக் கருப்பனுக்குச் சாத்தினார்.

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு தலங்களில் நான்கிற்கு மட்டுமே குறியிட முடிந்தது. மதுரையும் பழனியும் இராமேசுவரமும் எங்கும் போய்விடப் போவதில்லை. அவை ஆயிரம் ஆண்டுகள் காத்திருந்தவை, இன்னும் காத்திருக்கும். மனிதர்கள் அவ்வாறு காத்திருக்க இயலாது. திருமணத்தோடு யாத்திரையையும் சேர்த்துக்கொள்ள எண்ணும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவம் சொல்வது இதுவே: கோயில்களின் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள், உறவினர் வீட்டில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறுதோறும் மாலையில் கோத்தகிரியிலிருந்து தொலைபேசி மணி ஒலிக்கிறது. அக்காளும் தம்பியும் பேசுவதெல்லாம் மழை பெய்ததா, கொழுந்து எத்தனை கிலோ, சாப்பிட்டாயிற்றா என்பதே.